அமெரிக்கக் குடும்பங்களில் யார் வேலைக்குப் போகிறார்கள்? கேள்வி பதில்

கேள்வி: கணவர் சம்பாதிக்க, மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் எவ்வளவு மாறியிருக்கிறது?

பதில்: நிறையவே. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, 1972-ல் நூற்றுக்கு 85 தம்பதிகளில் கணவர்தான் முழுவதையுமோ பெரும்பகுதியையோ சம்பாதித்தார். 2022-ல் அது 55. இருவரும் ஏறக்குறைய சமமாகச் சம்பாதிப்பது 29, மனைவியின் வருமானமே பெரிது என்பது 16.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்கள் விரும்பித்தானே வீட்டில் இருந்தார்கள்?

பதில்: விருப்பம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்று பல பள்ளிகளும் அலுவலகங்களும் விதி வைத்திருந்தன. 1932-ன் பொருளாதாரச் சட்டத்தில் 213-வது பிரிவைப் பாருங்கள். மத்திய அரசில் ஆட்குறைப்பு என்றால், தன் கணவனோ மனைவியோ கூட அரசு வேலையில் இருக்கும் ஊழியரை முதலில் அனுப்பச் சொன்னது. 'மனைவி' என்று அதில் தனியாக எழுதவில்லை. ஆனால் யார் சம்பளம் குறைவோ அவர்தானே விடுவார்? போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1937-ல்தான் அதை நீக்கினார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெண்களைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டு, அரசுப் பணத்தில் குழந்தைக் காப்பகங்களும் திறந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. கறுப்பினப் பெண்களில் பலருக்கு வீட்டில் இருக்கும் வசதி என்றைக்குமே வாய்க்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அடுத்தவர் வீட்டிலும் வயலிலும் உழைத்தார்கள்.

கேள்வி: வீட்டோடு இருக்கும் அப்பாக்கள்?

பதில்: இருக்கிறார்கள். 2021-ல், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த பெற்றோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அப்பா.

கேள்வி: காப்பகக் கட்டணத்துக்கே என் சம்பளம் போய்விடுகிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: முடிவு உங்களுடையது, சகோதரி. ஆனால் கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்? குழந்தை இருவருக்கும்தானே? இருவர் வருமானத்தையும் சேர்த்துக் கழித்துப் பாருங்கள். விட்டால் நின்றுபோகும் ஓய்வுக்காலச் சேமிப்பு, சம்பள உயர்வு, உங்கள் வேலை மூலம் மருத்துவக் காப்பீடு இருந்தால் அதுவும் கணக்கில் வரட்டும். இந்த நெருக்கடி தானாக வந்ததல்ல. நாடு முழுக்கக் காப்பகங்கள் அமைக்க 1971-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் நிக்சன் தடுத்துவிட்டார். 1993-ல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். 50 பேருக்குக் குறைவான தனியார் நிறுவனங்களுக்கு அதுவும் கட்டாயமில்லை. நாடு செய்யாததை ஒவ்வொரு தாயும் தன் சம்பளத்திலிருந்து ஈடுகட்டுவது நியாயமே இல்லை.

கேள்வி: கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்திருக்கிறேன். நான் வேலை பார்க்கலாமா?

பதில்: விசா மட்டும் போதாது. 2015 மே முதல் உள்ள விதிப்படி, கிரீன் கார்டுக்கான கணவரின் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, கிரீன் கார்டு நடைமுறையின் பேரில் அவருடைய எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ நீங்கள் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைக்கும் முன் வேலையில் சேராதீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் விதி மாறியிருக்கிறதா என்று குடியேற்றத் துறையின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.