ஃப்ளூ மருந்தும் எதிர்ப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃப்ளூ மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ்கள் தோன்றுகின்றனவா என்று ஆய்வகங்கள் ஆண்டுதோறும் கண்காணிப்பதாக எழுதியிருந்தீர்கள். மருந்தைக் கண்டபடி விழுங்குவதால்தானே எதிர்ப்பு உண்டாகிறது? சீட்டில்லாமல் விற்பதைத் தடுத்துவிட்டால் இத்தனை செலவு எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நோயாளியின் உடலுக்குள் எதிர்ப்பு தோன்றுவதற்கு மருந்து காரணமாகலாம். ஆனால் அது ஊரெங்கும் பரவுவதற்கு மருந்து தேவையே இல்லை என்பதை 2007-08 குளிர்காலம் காட்டியது. அந்தப் பருவத்தில் நார்வேயில் பரவிய எச்1என்1 என்னும் பருவகால ஃப்ளூ வைரஸ்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓசெல்டாமிவிருக்கு, அதாவது டாமிஃப்ளூவுக்கு, கட்டுப்படாதவையாக இருந்தன. அங்கே அம்மருந்தின் பயன்பாடு மிகக் குறைவு. உலகிலேயே மிகுதியாக அதை உட்கொண்டுவந்த ஜப்பானிலோ அப்போது அத்தகைய வைரஸ்கள் சொற்பமே. அடுத்த பருவத்துக்குள் உலகெங்கும் அந்த எச்1என்1 ஏறக்குறைய முழுவதுமாக எதிர்ப்புடையதாகிவிட்டது.

ஓசெல்டாமிவிர் முடக்க வேண்டிய வைரஸ் புரதமான நியூராமினிடேஸில் 275ஆம் இடத்திலிருக்கும் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம், டைரோசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாறியதே இதற்குக் காரணம். இந்த மாற்றம் முன்பே அறியப்பட்டதுதான். அது வைரஸை நலிவடையச் செய்வதால் பரவாது என்றே பலரும் நம்பியிருந்தனர். அதே புரதத்தில் ஏற்கெனவே நேர்ந்திருந்த வேறு சில மாற்றங்கள் அந்த நலிவை ஈடுகட்டிவிட்டன. விற்பனைக் கணக்கை எவ்வளவு துல்லியமாக வைத்திருந்தாலும் இதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. வைரஸையே சோதித்தால்தான் தெரியும்.

சோதனை இரண்டு வகை. மரபணு வரிசையைப் படிப்பது விரைவானது, ஆனால் நாம் ஏற்கெனவே அறிந்த மாற்றங்களையே அது உறுதியாக அடையாளம் காட்டும். ஆகவே, நியூராமினிடேஸின் செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதையும் ஆய்வகத்தில் அளக்கிறார்கள். எச்1என்1 அடங்கிய ஏ வகை வைரஸுக்கு வழக்கமான அளவைப்போல் 10 முதல் 100 மடங்கு வரை தேவைப்பட்டால் மருந்தின் பிடி தளர்ந்துள்ளது என்றும், 100 மடங்கைத் தாண்டினால் மிகவும் தளர்ந்துள்ளது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை சொல்கிறது.

உங்கள் கூற்றுக்குச் சான்றும் உண்டு. 2018இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்ற பலோக்சாவிர் என்னும் மற்றொரு ஃப்ளூ மருந்துக்கு எதிரான மாற்றம், சிகிச்சை பெற்றவர்களிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், வெளிப்பட்டது. சீட்டில்லாத விற்பனையைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்தில்லை. கண்காணிப்பின் வேலையை அது செய்யாது என்பதே என் வாதம்.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். 2008 டிசம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எச்1என்1 என்று ஐயுறும் நோயாளிக்கு ஓசெல்டாமிவிரை மட்டும் நம்பாமல் சனாமிவிர் என்னும் வேறொரு ஃப்ளூ மருந்தைக் கொடுக்கவோ, ஓசெல்டாமிவிருடன் ரிமாண்டாடினைச் சேர்க்கவோ மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. பழைய ஃப்ளூ மருந்தான ரிமாண்டாடினுக்கு அந்த எச்1என்1 அப்போதும் கட்டுப்பட்டது என்பதும் இதே கண்காணிப்பின் வழியாகத்தான் தெரிந்திருந்தது.