ஸ்பிரிட் டப்பா ஹீட்டர்: கேட்டவர்களுக்குச் சொன்னது

டிசம்பர் கடைசியில் உத்தரகண்டில் இருக்கிற கேதார்காந்தா மலையேறப் போகிற சென்னைக் கூட்டம் ஒன்று எனக்கு ஒரு வீடியோவை அனுப்பியிருந்தது. தகர டப்பாவுக்குள் டாய்லெட் பேப்பர் சுருளைத் திணித்து, ஸ்பிரிட் (பெரும்பகுதி எத்தனால் என்கிற ஆல்கஹால்) ஊற்றிக் கொளுத்தினால் 'அவசர ஹீட்டர்' தயார் என்கிறார்கள். செய்யலாமா என்று ஒருவர் கேட்டார், அப்புறம் வரிசையாக எல்லோரும் கேட்டார்கள். கல்லூரி வேதியியல் லேபில் 26 வருஷம் இருந்தவன், மலைக்கும் போய்வருபவன், அவ்வளவுதான் என் தகுதி.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, அது உண்மையிலேயே வேலை செய்யுமா?

எரியும் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. பேப்பர் எரிவதில்லை, திரி மாதிரி ஸ்பிரிட்டை உறிஞ்சி மேலே தருகிறது, ஸ்பிரிட் இருக்கிறவரை ஓரம் கருகுவதோடு சரி. பள்ளிக்கூட லேபில் பார்த்த ஸ்பிரிட் விளக்கின் தடித்த அண்ணன்தான் இது. 100 மி.லி. சுத்த எத்தனால் எரிந்தால் சுமார் 2.1 மெகாஜூல் வெப்பம், அதாவது 580 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடின அளவு. குளிரில் நடுங்குகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் வீடியோக்காரர் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார். அதே 100 மி.லி. எரிய சுமார் 600 லிட்டர் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் முழுவதும் வேண்டும், பதிலுக்கு 84 லிட்டர் கார்பன் டை ஆக்சைடும் 90 கிராமுக்கு மேல் நீராவியும் வெளியே வரும். இரண்டு பேர் படுக்கும் டென்ட்டின் கொள்ளளவு 2,500 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்தால் காற்றில் 3 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தலைவலி, மூச்சிரைப்பு எல்லாம் வரும், 12,500 அடி உயரத்துக்குப் போனால் அங்கே ஏற்கெனவே காற்று மெலிந்துதான் இருக்கும். நீராவி டென்ட் துணியில் முத்துமுத்தாகப் படிந்து ஸ்லீப்பிங் பேக்கை நனைக்கும், நனைந்த பேக் குளிரைத் தாங்காது. ஜிப்பைத் திறந்து வைத்தால் காற்று வரும், வந்த சூடும் போய்விடும். பிறகு எதற்கு அந்த ஹீட்டர்?

அண்ணாநகரிலிருந்து: சார், ஆல்கஹால் சுத்தமாக எரியும், கரி மாதிரி கார்பன் மோனாக்சைடு வராது என்கிறார்களே?

திறந்தவெளியில், காற்று தாராளமாக இருக்கும்போது சரிதான். அடைத்த இடத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய எதுவும் அரைகுறையாகத்தான் எரியும். தீயின் மேல் குளிர்ந்த பாத்திரத்தை வைத்தாலும் தீ பாதியில் அணைந்து கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு வாசனை கிடையாது, தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாது. கரி அடுப்பைவிட இது கம்மி ஆபத்து என்பது உண்மை. அதற்காக டென்ட்டிலோ ஜன்னல் மூடின அறையிலோ காரிலோ எரிய விட்டுத் தூங்கலாம் என்று ஆகிவிடாது.

வேளச்சேரி தம்பியே மறுபடி: அப்போ ஸ்பிரிட்டே வேண்டாமா?

ஸ்பிரிட் நல்ல அடுப்பு, மோசமான ஹீட்டர். அறையைச் சூடாக்கப் பார்க்காதே, ஆளைச் சூடாக்கு. வெளியே காற்று மறைவில் அடுப்பை வைத்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட, வீணாவதையும் சேர்த்து 40 மி.லி. போதும். அந்த வெந்நீரை மூடி கசியாத ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, கம்பளி சாக்ஸுக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவில் வைத்துப் படு. தெர்மோ பிளாஸ்கை எடுத்துப் போகாதே, அது சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும், உனக்குத் தராது. (ஒரு பையன் ராத்திரி முழுக்க பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்து காலையில் என்னைத் திட்டினான்.)

அதிலும் நீ அடுப்பைச் சுமக்கவே வேண்டாம். விமானத்தில் ஸ்பிரிட் போகாது. ரயிலில் தீப்பிடிக்கும் சாமான் கொண்டுபோவதே குற்றம், 2023 ஆகஸ்டில் மதுரை ஸ்டேஷனில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். கூட்டிப்போகிறவர்கள் சமையல் டென்ட் போடுவார்கள். படுக்கப் போகும் முன் பாட்டிலை நீட்டி வெந்நீர் கேள், தருவார்கள்.

அம்பத்தூரிலிருந்து: புயலில் கரண்ட் போனால் பழைய சானிடைசரை எரிக்கலாமா? மிக்ஜாம் சமயத்தில் அப்பா நடுங்கிவிட்டார்.

அப்பா நடுங்கியது குளிரால் அல்ல, ஈரத்தால். நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால். ஈர வேட்டியை மாற்றி, தலையைத் துவட்டி, சாக்ஸும் குல்லாவும் மாட்டி, சூடாக ஒரு டம்ளர் கஞ்சி கொடுங்கள்.

இன்னொரு விஷயம், சென்னைக்காரர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. எத்தனால் 13 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும், சானிடைசர் மாதிரி 70 சதவீதக் கரைசலும் 17 டிகிரி வாக்கில். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் வீட்டில் எப்போதும் 28, 30. அதாவது சானிடைசர் கேனைத் திறந்ததுமே தீக்குத் தயார், அந்த ஆவி காற்றைவிட கனம், தரையோடு ஊர்ந்து பூஜை விளக்கு வரைக்கும் போகும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மா: பூந்தொட்டியைக் கவிழ்த்து உள்ளே மெழுகுவத்தி வைத்தால் ரூமே சூடாகிறதாமே தம்பி?

தொட்டி சூடாகும் அம்மா, ரூம் ஆகாது. மெழுகுவத்தி தருவதைவிட ஒரு துளி கூடுதல் வெப்பத்தை மண்பானை உண்டாக்காது.

பெரம்பூரிலிருந்து: டாஸ்மாக் சரக்கு எரியுமா அண்ணே?

அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். சூடாக்கினால் நீலமாகக் கொஞ்ச நேரம் எரியும், தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தால் விடிந்துவிடும். குடித்தால் கதகதப்பு என்பதும் ஏமாற்று. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாகத் தெரியும், உள்ளே உடம்பு ஆறிக்கொண்டே இருக்கும்.

அதே ஆள்: மெத்தனால் மலிவாகக் கிடைத்தால்?

வேண்டவே வேண்டாம். அது வேறு வகை ஆல்கஹால், ஆவியும் விஷம், தோல் வழியாகவும் ஏறும், பாட்டிலை மாற்றிக் குடித்தால் கண்ணோ உயிரோ போகும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் போனது இதனால்தான்.

திருவான்மியூரிலிருந்து: நீங்கள் எப்போதாவது சுட்டுக்கொண்டது உண்டா?

உண்டு, கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில், பட்டப்பகலில். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினேன். தாரையோடு தீ ஏறி பாட்டில் வாய் வழியாகப் பீறிட்டு, வலது கை விரல்கள் வெந்துபோயின, புருவம் கருகியது. இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கையைக் காட்டச் சொன்ன டீக்கடைக்காரருக்கு இன்றும் நன்றி, பக்கத்தில் நின்ற இன்னொருவர் பற்பசை தடவச் சொன்னார், அது கூடாது. அதற்குப் பிறகு என் வழக்கம் இது: மூடி போட்டு அணைப்பேன், அடுப்பு கையில் தொடும் அளவுக்கு ஆறின பிறகுதான் ஊற்றுவேன், அதுவும் ஒரு வேளைக்கு வேண்டியதைச் சின்னக் கப்பில் அளந்து. பெரிய பாட்டில் அடுப்புப் பக்கமே வராது.

கடைசியாக வேளச்சேரி தம்பி: அண்ணா, டப்பாவை நேற்றே செய்துவிட்டேன். ஸ்பிரிட்டும் ஊற்றிவிட்டேன்.

மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் நிழலில் திறந்து வை, பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள். காய்ந்ததும் பேப்பரைக் குப்பையில் போட்டுவிடு. டப்பா நல்ல டப்பாவாக இருந்தால் அடியில் நாலு ஓட்டை போட்டு புதினா நடு.