பிள்ளைக்கு 60,000 ரூபா செக்அப் பெக்கேஜ் எடுக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தைல இருக்கிறம், மகளுக்கு மூன்றரை வயசு. ஒரு பிரைவேட் ஹொஸ்பிட்டல்ல வருஷத்துக்கு 60,000 ரூபாக்கு சின்னப் பிள்ளைகளுக்கு செக்அப் பெக்கேஜ் தாறாங்க, பிளட் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் இருக்காம். நாங்க ரெண்டு பேரும் வேலை, கிளினிக்ல போய் காத்துக்கொண்டு நிக்க நேரமில்ல. எடுக்கலாமா?

பதில்: வேணாம். முதல்ல மகள் பிறந்தப்போ குடுத்த அந்த சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்து தடுப்பூசிப் பக்கத்தைப் பாருங்க, 3 வயசுல போட வேண்டிய எம்எம்ஆர் (சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லாவுக்கான தடுப்பூசி) ரெண்டாவது ஊசிக்கு நேரா திகதி இருக்கா? நிறை, உயரம் குறிக்கிற கோட்டுல கடைசிப் புள்ளி எப்ப வச்சது? அது வெறுமையா கிடந்தா 60,000 குடுத்து ஸ்கேன் எடுக்கிறதுல என்ன பிரயோசனம், சொல்லுங்க. ஊசி, நிறை பாக்கிறது, பேச்சு நடை வளர்ச்சி பாக்கிறது எல்லாம் எம்ஓஎச் (உங்கட பகுதி சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்ல ஃப்ரீ, 5 வயசுல இன்னொரு ஊசி இருக்கு, பிறகு ஸ்கூல்லயே வந்து செக் பண்ணுவாங்க, ஆறாம் வகுப்புல பொம்பிளப் பிள்ளைகளுக்கு 2017ல இருந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற எச்பிவி ஊசியும் போடுறாங்க, அதுவும் காசில்லாம.

ஆனா ஃப்ரீ எண்டாலும் உங்களுக்கு செலவு இருக்கு, அது லீவு. மாசச் சம்பளம் 90,000, மாசத்துல 22 நாள் வேலை எண்டு வச்சா அரை நாள் 2,000 ரூபா சொச்சம், வருஷத்துக்கு நாலு தரம் போனாலும் 8,000 சொச்சம்தான். கிளினிக் நாள் முதலே தெரியும்தானே, ஒருத்தர் மாறி ஒருத்தர் லீவு போடுங்க.

பெக்கேஜ்ல எனக்கு பெரிய பயம் அந்த பிளட் டெஸ்ட்தான். ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளைக்கு கன டெஸ்ட் எடுத்தா ஏதோ ஒண்டு கொஞ்சம் கூடக் குறைய வரத்தான் செய்யும், உடனே ஸ்பெஷலிஸ்ட்டை சனல் பண்ணி, திரும்ப டெஸ்ட் எடுத்து, கடைசில ஒண்டுமில்ல எண்டு சொல்லுவாங்க, அந்த பில் 60,000க்குள்ள வராது, பிள்ளைக்கும் வீணா ஊசிக்குத்து. வருத்தம் தெரியாத ஆக்கள்ல எந்த நோயைத் தேடி டெஸ்ட் பண்ணலாம் எண்டு வில்சன், யுங்னர் எண்ட ரெண்டு நிபுணர்கள் 1968லயே உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக் குடுத்த விதிகள்லயும் இது இருக்கு, கண்டுபிடிக்க ஆகிற செலவு மொத்த வைத்தியச் செலவோட பாத்தா நியாயமா இருக்கணும்.

அந்தக் காசை மகள்ட பேர்ல வேற ஒரு சேவிங்ஸ் கணக்குல மாசம் 5,000ஆ போடுங்க. ஸ்கூல் சேர முதல் கண்ணை ஒருக்கா வடிவா செக் பண்ணுங்க, ஒரு கண் சோம்பிப் போறதை, அதாவது ஒரு கண்ல பார்வை சரியா வளராம போறதை, 7 வயசுக்கு முதல் பிடிச்சா நல்லா திருத்தலாம், பிந்தினா கஷ்டம், சின்னப் பிள்ளைக்கு அது சொல்லவும் தெரியாது. பல்லையும் ஒருக்கா காட்டுங்க. சிக்கன்பொக்ஸ் ஊசி அரசாங்க லிஸ்ட்ல இல்ல, டொக்டர் போடச் சொன்னா அதுக்கு இந்தக் கணக்குல இருந்து எடுக்கலாம்.

ஒஃபிஸ் இன்சூரன்ஸ் இருந்தா பொலிசியை வாசிங்க, ஓபிடிக்கு (வார்ட்ல நிக்காம டொக்டரைக் காட்டிற செலவு) எவ்வளவு, சும்மா செக்அப்புக்கு தாறாங்களா எண்டு எச்ஆர்ல கேளுங்க. மகள்ல ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா மட்டும் பெக்கேஜ், கிளினிக் திகதி எதையும் பாத்துக்கொண்டு இருக்காம உடனே டொக்டர்ட்ட காட்டுங்க, பொரளை லேடி ரிஜ்வே அரசாங்க சிறுவர் ஆஸ்பத்திரில ஸ்பெஷலிஸ்ட் பாக்கிறதும் ஃப்ரீதான்.