மின்வெட்டில் மட்டும் எரியும் 10 ஆம்பியர் ஃபியூஸ்

வணக்கம். ரேக்கிலுள்ள மைனஸ் 48 வோல்ட் ஃபியூஸ் பேனலில் 432 வாட் ரவுட்டருக்கான 10 ஆம்பியர் ஃபியூஸ், மின்வெட்டு நீளும்போது மட்டும் எரிகிறது என்றும், 15 போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கரண்ட் இருக்கும்போது, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் 54 வோல்ட் தரும்போது 8 ஆம்பியர் இழுக்கும் அந்த ரவுட்டர், மின்வெட்டு நீண்டு பேட்டரி 43.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் அதே வாட்டுக்காக 10 ஆம்பியர் இழுக்கிறது. ஃபியூஸின் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ச்சியாக ஏற்றக்கூடாது என்பதால் 15 ஆம்பியர்தான் சரி. ஆனால் ஃபியூஸ் காப்பது வயரைத்தான், ரவுட்டரை அல்ல. இப்போதிருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் தயவுசெய்து முதலில் 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள்.

மாற்றும்போது மேலுள்ள பிரேக்கரை அணைத்து, மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் மின்னழுத்தம் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். 48 வோல்ட்தானே என்ற அலட்சியம் வேண்டாம். பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவில் சிக்கும் மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பான லக்கை அழுத்தியபின் ஒரு செம்பு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, கையால் இழுத்தால் அசையக் கூடாது. எர்த் வயரை முதலில், ரிட்டர்னை (பிளஸ் பக்க வயர்) அடுத்து, மைனஸைக் கடைசியில் இணைத்து, ஃபியூஸ் இல்லாமலே பிரேக்கரைப் போட்டு, துருவம் சரியா என்று அளந்த பின்னரே ஃபியூஸைச் செருகுங்கள்.