கொடைக்கானலில் இருந்துகொண்டே குறும்படம் எடுத்து, அதற்கு நானே இசையும் அமைத்துப் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் சோறு போடப்போவது உங்கள் இசைதான், குறும்படத்திலிருந்து காசு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் "சென்னைக்குப் போ, இல்லையென்றால் கேமராவை விற்றுவிட்டு ஒரு வேலையைப் பார்" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நான் கோத்தகிரி பக்கம். அரை ஏக்கர் தேயிலை, தகரக் கூரை போட்ட ஒரு அறை, அதில் கணினி, கீபோர்டு, மைக். கல்யாண வீடியோ எடுக்கிறேன், ஹோம்ஸ்டே விளம்பரங்களுக்கும் மற்றவர்களின் குறும்படங்களுக்கும் இசை போடுகிறேன். அதில் மிஞ்சுவதை வைத்து என் படத்தை எடுக்கிறேன்.

"சென்னைக்குப் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பாய்" என்று யாராவது கருத்தில் எழுதத்தான் போகிறார்கள். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி எல்லாம் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துத்தான் சினிமாவுக்குப் போனார்கள். அது நல்ல வழி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குறும்படமே போதும். பதினைந்து நிமிடத்தில் சொல்ல வேண்டிய கதையை இரண்டரை மணி நேரத்துக்கு நீட்ட எனக்கு ஆசையில்லை.

"இரண்டையும் ஒரே ஆள் செய்தால் இரண்டும் அரைகுறைதான்" என்பது அடுத்த பேச்சு. சத்யஜித் ராய் 1961-லிருந்து தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார். நம் ஊரில் டி. ராஜேந்தர் இருக்கிறார். அவர்களோடு என்னை ஒப்பிடவில்லை, இப்படியும் செய்யலாம் என்பதற்குச் சொல்கிறேன். ஒரே ஒரு ஆபத்து உண்டு. நம் மெட்டு நமக்கு ரொம்பப் பிடித்துப்போய்விடும், அது முடிகிறவரை காட்சியை வெட்ட மனசு வராது. அதனால் எடிட்டிங் முழுசாக முடிகிறவரை நான் கீபோர்டைத் திறப்பதே இல்லை.

நான் உண்மையில் எழுத வந்த விஷயம் வேறு. ஒரு படத்துக்கு அம்மா இலை வெட்டும் கத்தரியை வைத்துத் தாளம் அமைத்திருந்தேன். அந்தக் கத்தரியில் ஆணி கொஞ்சம் தளர்ந்திருக்கும். வெட்டும்போது 'சரக்', விரியும்போது சின்னதாக ஒரு 'டிக்'. டிரம் மிஷினில் எவ்வளவு தேடினாலும் அந்த 'டிக்' கிடைக்காது. அதன்மேல் புல்லாங்குழல், அவ்வளவுதான் இசை. ஆன்லைனில் வந்த படத்தைப் பல குறும்பட விழாக்களில் ஏற்கமாட்டார்கள் என்பதால், படத்தை யூடியூபில் ஏற்றாமல் விழாக்களுக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு விடுதிக்காரர் மெட்டைக் கேட்டுவிட்டு, தன் விளம்பரத்துக்கு வேண்டும் என்றார். அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும், உரிமை என்னிடமே என்று மின்னஞ்சலில் எழுதித்தான் கொடுத்தேன்.

அந்த விளம்பரத்தைத் தயாரித்தவர், பாட்டுகளை எல்லாத் தளங்களிலும் ஏற்றித் தரும் நிறுவனம் ஒன்றின் வழியாக என் மெட்டைத் தன் பெயரில் போட்டுவிட்டார். விழாக்கள் முடிந்து நான் படத்தை யூடியூபில் ஏற்றியதும் கன்டென்ட் ஐடி க்ளெய்ம் வந்து நின்றது, அதாவது 'இந்த இசை வேறொருவருடையது' என்று யூடியூப் தானாகக் கண்டுபிடித்துப் போடும் உரிமைக் கோரிக்கை. என் அம்மா கத்தரியின் சத்தத்துக்கு வேறொருவர் சொந்தக்காரர்! அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஆட்சேபம் போட்டேன். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் க்ளெய்ம் தானாக விழுந்துவிடும். பதில் தந்தாலும் சமாளிக்க என்னிடம் எல்லாம் இருந்தது: மெட்டை உருவாக்கிய கணினிக் கோப்பு (புராஜெக்ட் ஃபைல்), தோட்டத்தில் எடுத்த மூல ஒலிப்பதிவு, அந்த மின்னஞ்சல். பதில் வரவில்லை, க்ளெய்ம் விழுந்தது. அப்புறமும் அந்த நிறுவனத்தைத் துரத்தித்தான் மெட்டை மற்ற தளங்களிலிருந்து எடுக்க வைத்தேன். "சின்ன விஷயத்தை ஏன் பெரிசாக்குகிறாய்" என்றார் அந்த விளம்பரத்தைத் தயாரித்த ஆள். எனக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆகவே நீங்களும் மூல ஒலிப்பதிவுகளை அழிக்காதீர்கள், எழுத்து இல்லாமல் ஒரு மெட்டும் கொடுக்காதீர்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இசையமைப்பாளருக்கு ஒரு பெரிய பாதுகாப்பு கிடைத்தது. படத்துக்காகப் போட்ட இசையாகவே இருந்தாலும், தியேட்டரில் அந்தப் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் நமக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. சினிமாக்காரர்கள் போராடி வாங்கியது, நமக்கும் பொருந்தும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "எங்க இலைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லையே" என்றார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன். மழையிலும் அட்டைக்கடியிலும் வெட்டிய பசுந்தேயிலையை மாதம் முழுக்கக் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு என்ன விலை என்று மாதம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். விற்கிறவருக்கே விலை தெரியாத வியாபாரம் இது. உரமும் கூலியும் ஏறிக்கொண்டே போகின்றன, இலைக்கு மட்டும் யாரோ விலை வைக்கிறார்கள். இந்த மலையில் படம் எடுக்க வருகிறவர்கள் பச்சைப்பசேல் என்று தோட்டத்தைக் காட்டுகிறார்கள், இதைக் காட்டுவதில்லை. என் அடுத்த படம் இதைப் பற்றித்தான்.

சரி, முதலில் என்ன வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் மைக் வாங்குங்கள், கூடவே காற்றைத் தடுக்கும் ரோம உறையும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வையுங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவைப் பையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் பூக்கும். சனி, ஞாயிறுகளில் ஒலிப்பதிவே வைக்காதீர்கள், உங்கள் ஊரிலும் ஹாரன் சத்தத்துக்குக் குறைவிருக்காது.