ஆகஸ்டில் இரண்டு இரவு மலைநாடு: நுவரெலியாவா, ஹப்புத்தளையா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். கல்யாணமாகி இரண்டு வருஷம், இரண்டு பேருக்கும் வேலை. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்து, ஞாயிறு இரவுக்குள் கொழும்பு திரும்ப வேண்டும். நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, எல்ல மூன்றையும் பார்க்க ஆசை. என் மனைவிக்கு வளைவுப் பாதையில் தலைசுற்றும், வாந்தி வரும். ரயிலில் போகலாமா, கார் நல்லதா? அறை எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூன்றும் வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு இரவும் தங்குங்கள். ஆகஸ்ட் என்பதால் அது மலைமுகட்டில் இருக்கும் ஹப்புத்தளையாக இருக்கட்டும்.

எங்கே போவது என்பதை ஊரின் பெயரை விட மாதத்தைப் பார்த்து முடிவுசெய்வதுதான் நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று, யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்களே அதுதான், கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையின் மேற்குச் சரிவில் ஏறும். ஏறும்போதே குளிர்ந்து ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்று எல்லா இடத்திலும் கொட்டித் தீர்த்துவிடும். முகடு தாண்டிக் கிழக்கே ஊவா மாகாணப் பக்கம் இறங்கும்போது அதில் மழை மிச்சமிருக்காது, வெறும் காய்ந்த காற்றுதான். அதனால்தான் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல எல்லாம் அந்த மாதங்களில் வெயிலோடு இருக்கின்றன. பட்டிப்பொலவுக்கும் ஓஹியவுக்கும் நடுவில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் போகும். மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்குவது அங்கேதான். மழையில் நுழைந்து மறுபக்கம் வெயிலில் வெளியே வந்ததாகப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் இதுதான் காரணம்.

தேயிலைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். ஊவாத் தேயிலைக்குச் சிறந்த பருவம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், மணம் ஏறும். திம்புளைப் பக்கத்துக்கு, அதாவது ஹற்றன், தலவாக்கலைக்கு, அந்தப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. தேயிலை எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போனால் உங்களுக்கும் வானம் திறந்திருக்கும். அடுத்த முறை பெப்ரவரியில் லீவு கிடைத்தால் தயங்காமல் ஹற்றன் பக்கம் போங்கள், கொழும்பிலிருந்து தூரமும் குறைவு. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும், மண்சரிவுப் பயமும் அப்போது அதிகம். அந்த இரண்டு மாதங்களை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ரயிலைப் பற்றி. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிந்து சேதமானது. அதனால் டிக்கெட் பார்க்கும் முன், கோட்டையிலிருந்து எந்த நிலையம் வரை ரயில் ஓடுகிறது என்று ரயில்வேயில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். முழுப்பாதையும் ஓடினாலும், உங்கள் மூன்று நாளில் போகவும் வரவும் ரயிலை நம்புவது சரிவராது. போகும் ஒரு பகல் முழுவதும் அதிலேயே போய்விடும், தாமதமானால் இன்னும் மோசம். ரயில் ஆசையை வேறு விதமாகத் தீர்க்கலாம். அந்தப் பகுதியில் ரயில் ஓடினால், ஹப்புத்தளையிலிருந்து இதல்கஸ்ஹின்ன, ஓஹிய பக்கம் ஒரு சின்னப் பயணம் போய்த் திரும்புங்கள். முகட்டின் ஓரமாகவே ரயில் ஊரும் துண்டு அது, அழகெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கார். அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, பெரகல வழியாகப் போங்கள். பெலிஹுல்ஓயா வரை பாதை பெரிதாக வளையாது. ஹல்துமுல்லையிலிருந்து மேலே ஏறும் கடைசித் துண்டுதான் வளைவு. நுவரெலியாவுக்கு றம்பொடை வழியாகவோ ஹற்றன் வழியாகவோ ஏறினால் வளைவில் செலவாகும் நேரம் இதைவிட நிறைய. கண்டி வழியை ஆகஸ்டில் தொடவே வேண்டாம், பெரஹெராக் காலத்தில் ஊருக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் மனைவிக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதிகாலை 5 மணிக்குள் வெள்ளவத்தையை விட்டுவிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது. இரத்தினபுரியில் இரண்டு இடியப்பம், கொஞ்சம் சம்பல், அவ்வளவு போதும். அவர் முன் ஆசனத்தில் இருக்கட்டும், போனைப் பார்க்க வேண்டாம், ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். வாந்தி மாத்திரை போடுவதென்றால் வளைவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டால் பயன் குறைவு. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் டொக்டரிடம் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். பெலிஹுல்ஓயாவில் காரை நிறுத்தி அரை மணி நேரம் ஆற்றோரம் நடந்துவிட்டு ஏறினால் கடைசித் துண்டு லேசாகப் போகும். வெள்ளி இரவு வேலை முடிந்து கிளம்பி இருட்டில் மலை ஏறுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூடுபனியில் முன்னால் வரும் லொறியே தெரியாது.

மதியத்துக்கு முன் சேர்ந்துவிடுவீர்கள். வெள்ளி பின்னேரம் எந்தத் திட்டமும் போடாதீர்கள். தூங்குங்கள், பேசிக்கொண்டிருங்கள். அதற்குத்தானே லீவு எடுத்தீர்கள்?

சனிக்கிழமை விடியுமுன் ஓட்டோ பிடித்துத் தம்பேதன்ன தேயிலைத் தோட்டம் வழியாக லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்கு ஏறுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் பனிமூட்டம் மூடிவிடும். விடியலில் போனால் தெற்கே தாழ்நாடு வரை விரிந்து கிடக்கும். மேலே சின்னக் கடையில் சுடச்சுட ரொட்டியும் தேத்தண்ணியும் கிடைக்கும். திரும்பும்போது ஓட்டோவை அனுப்பிவிட்டுத் தேயிலைக்கு நடுவால் நடந்தே இறங்குங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் சாக்கை இறக்கித் தராசில் மாட்டுவதையும், கணக்குப்பிள்ளை எழுதுவதை அவர்கள் கண் எடுக்காமல் பார்ப்பதையும் காண்பீர்கள். ஒரு கிலோ குறைந்தாலும் கூலியில் தெரியும் வேலை அது. அவர்கள் பேசுவது நம் தமிழ். படமெடுக்கும் முன் “அக்கா, எடுக்கலாமா?” என்று கேளுங்கள். லயன் வீடுகளுக்குள் கமராவோடு போகாதீர்கள், அது அவர்கள் குடியிருக்கும் வீடு.

சனி பின்னேரம் அடிஷாம் பங்களா. சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல்வீடு, இப்போது பெனடிக்டைன் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா நாட்களில் பார்க்க விடுவார்கள். அவர்கள் செய்து விற்கும் ஜாம் வாங்கி வரலாம்.

ஹோட்டன் சமவெளிதான் உங்கள் மனதில் நிற்கிறதென்றால், லிப்டன் சீட்டை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். காலை 6 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், சுமார் 9 கிலோமீற்றர் நடை. ஆனால் அது முகட்டிலேயே இருப்பதால் ஆகஸ்டில் காற்றும் மூட்டமும் அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தை மறைத்துவிடலாம்.

அறை விஷயத்தில் படங்களை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். ஆகஸ்டில் ஹப்புத்தளையில் மழை குறைவு, காற்று பலம். தென்மேற்கைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் பகலில் அழகாக இருக்கும், இரவில் சட்டம் அதிர்ந்து தூங்க விடாது. பள்ளத்தாக்கு தெரிய வேண்டும், காற்றுக்கு மறைவாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லியே கேளுங்கள். சுடுதண்ணி இரவிலும் காலையிலும் வருமா, சூரிய ஒளியில் மட்டும் சூடாகிறதா, மேலதிகக் கம்பளி உண்டா, இரவுச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். ஊர் சீக்கிரம் கடை சாத்திவிடும். டொலரில் விலை போட்டிருந்தால் உள்நாட்டவருக்கு ரூபாயில் என்ன என்று கேட்டால் பல இடங்களில் குறைப்பார்கள். இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். தடித்த சுவெட்டரோடு காற்றுப் புகாத ஜக்கெட் ஒன்றும் ஆளுக்கு வேண்டும்.

ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். கிளம்பும் வாரத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மேலே ஹப்புத்தளை காய்ந்திருந்தாலும், நீங்கள் ஏறும் இரத்தினபுரிப் பாதை தென்மேற்கு மழைக்குள்தான் இருக்கிறது. அங்கே எச்சரிக்கை இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அதனால் அறை பதிவுசெய்யும்போதே, தேதி மாற்றினால் முற்பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.