பிராண்டட் கம்ப்யூட்டரா, எஸ்.பி. ரோட்டில் அசெம்பிள் செய்ததா?

கேள்வி: என் மகன் இரண்டாம் பியூசி (பிளஸ் டூ) முடித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் சேரப் போகிறான். கம்ப்யூட்டருக்கு 60 ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கி நானே அசெம்பிள் பண்ணுகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என் கணவரோ கம்பெனி மெஷின்தான் நிம்மதி என்கிறார். நான் வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறேன். ஜிஎஸ்டி பில் போடுவதும் இதே கம்ப்யூட்டரில்தான். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: இன்ஜினியரிங் சீட்டுக்கான சிஇடி கவுன்சிலிங் முடிந்துவிட்டதா? மைசூரிலோ துமகூருவிலோ சீட் கிடைத்து மகன் ஹாஸ்டலுக்குப் போவதாக இருந்தால் அவனுக்குத் தேவை லேப்டாப். அதை எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் செய்ய முடியாது. அதனால் கல்லூரி முடிவாகும்வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள். வீட்டிலிருந்தே போய்வருவான் என்றால் மட்டும் அப்பாவும் மகனும் இந்த வாக்குவாதத்தைத் தொடரட்டும்.

விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அசெம்பிள் செய்தால் நல்ல மிச்சம் என்று முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் விலையும் கூடவே ஏறியது. பெரிய கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக வாங்குகின்றன. நாம் சில்லறையில், அன்றைக்கு என்ன விலையோ அதற்கு வாங்குகிறோம். இன்னொன்று, கம்பெனி மெஷினில் விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அசெம்பிள் கொட்டேஷனில் அது இருக்காது. ஒரே நாளில் இரண்டுக்கும் விலை கேளுங்கள். விண்டோஸ், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மகன் காலேஜில், கணவர் ஆபீஸில். பள்ளிக்கு அன்றைக்கே பில் போயாக வேண்டும். பட்டனை அழுத்துகிறீர்கள், ஃபேன் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. யாரைக் கூப்பிடுவீர்கள்?

கம்பெனி மெஷின் என்றால் ஒரே ஒரு நம்பர். வாரண்டி அட்டையில் ஆன்சைட் என்று இருந்தால் ஆள் வீட்டுக்கே வருவார். கேரி-இன் என்று இருந்தால் நீங்கள்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பாக்ஸில் வரும் புராசஸருக்கு 3 வருடம், மதர்போர்டுக்குப் பெரும்பாலும் 3, எஸ்எஸ்டிக்கு 3 அல்லது 5, நல்ல எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்ட் தரும் பெட்டி) என்றால் 5 வருடமோ அதற்கு மேலோ. கம்பெனி மெஷினுக்கோ பெரும்பாலும் மொத்தமாக ஒரே வருடம். காகிதத்தில் பார்த்தால் அசெம்பிள்தான் ஜெயிக்கிறது. ஆனால் போனது எஸ்எம்பிஎஸ்ஸா, போர்டா, ராமா என்று கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. அந்தப் பாகம் மட்டும் சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்பும்வரை மெஷின் சும்மா கிடக்கும்.

ஆக, அசெம்பிள் செய்தால் உங்கள் சர்வீஸ் சென்டர் உங்கள் மகன்தான். அந்தப் பொறுப்பை அவன் ஏற்கத் தயாரா என்பதை ஒரு சின்னக் கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். இன்டெல் ஐ5 12400 என்று ஒரு புராசஸர், 12400எஃப் என்று இன்னொன்று. விலை குறைந்த இரண்டாவதை ஏன் வாங்கக் கூடாது என்று கேளுங்கள். 'எஃப் போட்டதில் கிராஃபிக்ஸ் கிடையாதும்மா, தனியாக கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது' என்று உடனே சொன்னால் அவன் வீட்டுப்பாடம் செய்திருக்கிறான். விழித்தான் என்றால் கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

பதில் சரியாக வந்தால், என் ஓட்டு மகனுக்குத்தான். பெரிய கம்பெனிகளின் பல டெஸ்க்டாப்களில் போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் அவர்களுடைய சொந்த அளவில்தான் இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால், கடையில் கிடைக்கும் சாதாரணமானது அதில் உட்காராது. மூன்றாம் வருடம் மெஷின் லேர்னிங் புராஜெக்ட் செய்ய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பான். உள்ளே இடமும் இருக்காது, எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்காது. அசெம்பிள் செய்ததில் இந்தத் தொல்லை இல்லை. முதல் வருடம் சி, பைத்தான் எழுதிப் பழக கார்டே தேவையில்லை. இப்போது அந்தப் பணத்தை 16 ஜிபி ராமிலும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும் போடுங்கள், கார்டு பிறகு வரட்டும்.

எஸ்எம்பிஎஸ் பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் முதன்முதலாக அசெம்பிள் செய்தபோது கடைக்காரர், 'கேபினெட்டோடு எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ சார்' என்றார். 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரு ஏப்ரல் மத்தியானம் கரண்ட் போய், திரும்பி வந்த நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாசனை. போர்டும் போயிற்று, ஹார்டு டிஸ்க்கும் போயிற்று. என் பெண்ணின் காதுகுத்துப் படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. பிறகு வாங்கிய நல்ல எஸ்எம்பிஎஸ்ஸையும் செத்துப்போனதையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்தேன். புதியது ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். உள்ளே செம்பும் அலுமினியமும் இருக்க வேண்டிய இடம் பழையதில் காலியாக இருந்தது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ளதாக, பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக, தனிப் பெட்டியில் வருவதாக வாங்குங்கள். ஃப்ரீயாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் பிளக் பாயின்ட்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்ப்பதும் நல்லது.

வாங்கப் போகும் நாளில் மகனோடு நீங்களும் போங்கள். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். '16 ஜிபி ராம்', '500 ஜிபி எஸ்எஸ்டி' என்று மொட்டையாக எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். புராசஸர் சீல் உடையாத பாக்ஸில் வர வேண்டும். 'டிரே' என்று பாக்ஸ் இல்லாமல் தருவது விலை குறைவு, ஆனால் அதற்குக் கம்பெனி நேரடியாக வாரண்டி தராது.

கூலி கொடுத்தால் கடையிலேயே மாட்டித் தருவார்கள். ஆனால் வீட்டில் அவனே செய்யட்டும். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து கொடுங்கள், ஃபேனுக்குக் கீழே வேண்டாம், திருகாணிகளுக்கு ஒரு கிண்ணம். தொடங்கும் முன் கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். புராசஸரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், போர்டில் அது உட்காரும் சாக்கெட்டிலும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் வரும்படி வைத்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. இன்டெல் போர்டில் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போர்டுக்கு வாரண்டி கிடைப்பது கஷ்டம். சாக்கெட்டை மூடி வரும் பிளாஸ்டிக் மூடியைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அதையும் கேட்பார்கள்.

உங்கள் பில்களுக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். எந்த மெஷின் வாங்கினாலும் வாரம் ஒருமுறை கணக்கையெல்லாம் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அதைப் பீரோவில் வையுங்கள். அப்புறம், கம்ப்யூட்டர் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு நீங்கள் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் இது கிடைக்காது.

கேள்வி: பாகங்கள் வாங்கப் போனேன். பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம், வாரண்டியைக் கடையே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பில் போட்டாலும் அதன் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. பிறகு பில் எதற்கு?
– ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: தயவுசெய்து பில் இல்லாமல் வாங்காதீர்கள். கடை வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்ச்சொல். எஸ்எஸ்டி இரண்டாவது வருடம் செத்தால் சர்வீஸ் சென்டரில் கேட்பது பில்லும் சீரியல் நம்பரும்தான். அதற்குள் அந்தக் கடை மொபைல் கவர் கடையாக மாறியிருந்தால் யாரிடம் போவீர்கள்?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படித்தான். அதற்கான கெடு பில்லில் எழுதியிருக்கும் காலம். எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாள். அந்த அச்சடித்த வரியைப் பார்த்துப் பயந்து பழுதான ராமை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய பிறகு மனசு மாறியதற்கு இது பொருந்தாது, பொருளில் பழுது இருக்க வேண்டும்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இதற்கெல்லாம் பில்தான் ஆதாரம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கட்டும். சில பில் காகிதங்களில் எழுத்து ஆறே மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: கம்பெனி டெஸ்க்டாப் வாங்கினேன், 8 ஜிபி ராம். இன்னொரு 8 ஜிபி நானே போட்டால் வாரண்டி போய்விடுமா?
– ஒரு வாசகி, ஜீவன்பீமா நகர்

பதில்: பல கம்பெனிகள் ராம் சேர்ப்பதை அனுமதிக்கின்றன. மாட்டும்போது நீங்கள் ஏதாவது உடைத்தால் அதற்குத்தான் பொறுப்பேற்க மாட்டார்கள். உங்கள் மாடலுக்கான விதியை வாரண்டி அட்டையில் ஒருமுறை பாருங்கள். ராம் வகை டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்றும் பாருங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. சின்ன டப்பா மாதிரியான டெஸ்க்டாப் என்றால் அதில் பெரும்பாலும் லேப்டாப் ராம்தான் போகும். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் வேகம் நன்றாகவே தெரியும்.

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு, ஐடி கம்பெனியிலிருந்து கழித்த ஐ7 டெஸ்க்டாப் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: ஐ7 என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். பெயருக்குப் பின்னால் 4770 மாதிரி இருந்தால் அது நான்காம் தலைமுறை, 2013 வாக்கில் வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பேங்க் வேலையெல்லாம் அப்பா அதில்தான் செய்வார் என்றால், பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினைக் கொடுக்காதீர்கள்.

எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்று, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் புது எஸ்எஸ்டி போட்டு, பில்லோடு கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஆபீஸில் ஏசி அறையில் ஓடிய மெஷின்கள் பெரும்பாலும் நன்றாகவே உழைக்கும். கடையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். கூடவே ஒரு 600 விஏ யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். அது பொதுவாக 360 வாட்தான் தாங்கும், ஆனால் அப்பாவின் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது போதும். வைஃபை ரூட்டரையும் அதிலேயே மாட்டலாம், பிரிண்டரை மட்டும் மாட்ட வேண்டாம்.